கரையிறங்கும் நாளில் கடிகாரத்தைக் கவனியுங்கள்

கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து தம்பதியராக மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் புறப்படுவோர், பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று இருப்பதைப் பார்த்துக் கப்பல் அந்நகரிலேயே போய் நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 75 கிலோமீட்டர், ஏறத்தாழ கோவைக்கும் பெருந்துறைக்கும் உள்ள தொலைவு. துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் பேருந்து, பிறகு ரயில் என்று போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். புளோரன்ஸ் செல்ல இறங்கும் லிவோர்னோவும் இப்படித்தான். ஏதென்ஸ் எளிது, பிரேயஸ் துறைமுகப் பகுதியிலிருந்தே மெட்ரோ ரயில் இருக்கிறது.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. எனவே கடைசி ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகம் திரும்பிவிடுங்கள். இத்தாலியைவிடக் கிரேக்கத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டாலும் கப்பலின் நேரம் மாறாமல் இருக்கக்கூடும். நானும் என் கணவரும் ஒவ்வொரு காலையும் கப்பலின் பெயர், துறைமுகம், ஏறும் நேரம் மூன்றையும் இரண்டு துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். கூட்டத்தில் பிரிய நேர்ந்தாலும் பதற்றமில்லை.

இத்தாலி, கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதில் சேராத துருக்கியின் துறைமுகம் இடையில் இருந்தால், பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவையே கேட்டு வாங்குங்கள். துருக்கி விசா தேவையா என்பதையும் பணம் கட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.