தேர்ப் படங்களைப் பிரித்தெடுக்க ஒரு புள்ளியும் ஒரு டாலர் குறியும்

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில் நெல்லை டவுனில் எந்த ஸ்டூடியோவின் கணினியைத் திறந்தாலும், ஒரே கோப்புறையில் கேமரா படம், கைபேசிப் படம், வீடியோ, பில் என்று எல்லாம் கலந்து கிடக்கும். படங்களை மட்டும் எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எந்த மாதிரியான பெயர் வேண்டும் என்று குறிகளால் சொல்லும் முறை, போதும். அதற்கு லினக்ஸில், பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும் கிரெப் இருக்கிறது. 1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸுக்கு எழுதிக் கொடுத்த கட்டளை.

கட்டளைகளையும் கோப்பு நீட்சிகளையும் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் ஜேபிஜி போன்றவை) இங்கே தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறிகளை மாற்ற வேண்டாம்.

முதலில் முனையத்தில் (கட்டளை அடிக்கும் திரையில்) அந்தக் கோப்புறைக்குள் போய் இதை அடியுங்கள். எல்எஸ் கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும்; | அந்தப் பட்டியலைக் கிரெப்புக்கு அனுப்பும்:

எல்எஸ் | கிரெப் 'ஜேபிஜி'

வருவதைப் பாருங்கள்:

காந்திமதி-தேர்.ஜேபிஜி
காந்திமதி-தேர்.ஜேபிஜி.பேக்
ஜேபிஜி-பட்டியல்.டிஎக்ஸ்டி
பழையஜேபிஜி

நமக்கு வேண்டியது முதல் வரி மட்டும். எழுத்துகள் பெயரில் எங்கே இருந்தாலும் கிரெப் பிடித்துவிடுகிறது. பெயரின் முடிவில்தான் வர வேண்டும் என்று சொல்ல $ சேர்க்க வேண்டும். '.ஜேபிஜி$' என்றதும் நடு இரண்டும் போய்விடும். ஆனால் கடைசி வரி போகாது! புள்ளிக்கு இங்கே 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். 'பழைய'வின் 'ய' அதற்குப் பொருந்திவிடுகிறது. உண்மையான புள்ளி வேண்டுமென்றால் முன்னால் சாய்கோடு போட வேண்டும்:

எல்எஸ் | கிரெப் '\.ஜேபிஜி$'

விண்டோஸில் தேடிப் பழகியவர்கள் முன்னால் நட்சத்திரக் குறி போடுவார்கள். இங்கே அது வேண்டாம். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அதற்கு வேறு வேலை.

அடுத்து, பல கேமராக்கள் நீட்சியைப் பெரிய எழுத்திலும் கைபேசிகள் சிறிய எழுத்திலும் எழுதும். சில படங்களில் நடுவே ஓர் இ கூடுதலாக இருக்கும். கேனானின் சிஆர்2, நிகானின் என்இஎஃப் என்ற நீட்சிகள் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வரி:

எல்எஸ் | கிரெப் -ஐ -இ '\.(ஜேபிஇ?ஜி|சிஆர்2|என்இஎஃப்)$'

சிறிய ஐ, பெரிய சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. பெரிய இ இருந்தால்தான் கேள்விக்குறியும் அடைப்பும் அதற்குள் இருக்கும் நடுக்கோடும் (|) வேலை செய்யும். அந்த நடுக்கோட்டுக்கு 'இது அல்லது அது' என்று பொருள். கேள்விக்குறி, தனக்கு முந்தைய எழுத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்கிறது. மேற்கோள் குறியை விட்டுவிட்டால் முனையம் அடைப்பையும் நடுக்கோட்டையும் தனக்கான குறிகளாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கண்ணுக்கு 'தேர்' இரண்டு எழுத்து. யூனிகோடில் த, ஏகாரக் குறி, ர, மெய்ப்புள்ளி என நான்கு. எனவே புள்ளிகளைப் போட்டு எழுத்தை எண்ணினால் கணக்கு தவறும். பெயரையே எழுதிவிடுவது நல்லது: '^காந்திமதி.*\.ஜேபிஜி$'. தொடக்கத்துக்கு ^, இடையில் எது வந்தாலும் ஏற்க .* குறி.

எதையும் அழிப்பதற்கு முன், நீட்சிகளைப் பட்டியலிட்ட அந்த வரியில் -வி (சிறிய எழுத்தில்) சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். பொருந்தாத பெயர்கள் மட்டும் வரும். அதில் ஒரு படமாவது தென்பட்டால் ஏதோ ஒரு நீட்சி விட்டுப்போயிருக்கிறது. ஐபோனின் ஹெச்இஐசியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.