ஆக்சிஜன் இல்லாத செல்: எங்கெங்கே தப்பாகப் படிக்கிறோம்

பிளஸ் டூ பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடும் வரி இது: 'நொதித்தலில் 2 ஏடிபி உருவாகிறது.' செல்லுக்கு ஆற்றல் தரும் அந்த இரண்டு ஏடிபி மூலக்கூறுகளும் உருவாவது அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது கிளைக்காலைசிஸில். ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும்போது நிகரமாக 2 ஏடிபி கிடைக்கிறது. கூடவே எலக்ட்ரான் சுமக்கும் 2 என்ஏடி மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிவிடுகின்றன. செல்லில் என்ஏடி இருப்பே கொஞ்சம்தான். பிடித்த மீனைக் கரையில் இறக்கினால்தான் வள்ளம் மறுபடி கடலுக்குப் போகும், இல்லையா? அதேபோல என்ஏடிஎச் தன் சுமையை இறக்கியாக வேண்டும். நம் தசையில் அதைப் பைருவேட் ஏற்று லாக்டேட் ஆகிறது. ஈஸ்டில் பைருவேட் முதலில் கார்பன் டை ஆக்சைடை விட்டு அசிட்டால்டிஹைடாகி, பிறகு சுமையை ஏற்று எத்தனாலாகிறது. சுமையை இறக்கும் இந்த வேலைக்குப் பெயர்தான் நொதித்தல். இதில் ஒரு ஏடிபிகூடக் கிடையாது. ஆனால் இது நடக்காவிட்டால் கிளைக்காலைசிஸ் நின்றுபோகும்.

சாயல்குடிப் பக்கம் பதநீர் புளித்து நுரைப்பதைப் பார்த்துவிட்டு, எல்லா நொதித்தலிலும் வாயு வரும் என்று நினைக்காதீர்கள். நுரை ஈஸ்டின் வேலை. தசையில் பைருவேட் லாக்டேட்டாகும்போது வாயு எதுவும் வெளியேறாது.

அப்புறம், காரங்காடு அலையாத்திச் சேறு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதையும் நொதித்தல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே நடப்பது காற்றில்லா சுவாசம். பாக்டீரியா எலக்ட்ரான்களைக் கடத்துச் சங்கிலி (அவற்றைக் கைமாற்றிவிடும் புரத வரிசை) வழியாக அனுப்பி, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டிடம் கொடுக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகி நாறுகிறது. சங்கிலி வேலை செய்வதால் நொதித்தலைவிட ஆற்றலும் கூடுதல். இரண்டையும் ஒன்றாக எழுதினால் பாடமே குழம்பிவிடும்.

ஆக்சிஜன் இருந்தால் எல்லாச் செல்லும் அதைப் பயன்படுத்தும் என்பதும் சரியில்லை. ஆக்சிஜனைச் சுமந்து திரியும் நம் சிவப்பணுவுக்கே, ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதனால் அது கிளைக்காலைசிஸையும் லாக்டேட் நொதித்தலையும் நம்பியே வாழ்கிறது.

மண்டபம் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைக் காட்டி, "மூச்சைப் பிடிச்சதுமே உடம்பு ஆக்சிஜன் இல்லாம ஓடும்" என்கிறார்கள். நுரையீரலிலும், ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும், தசையின் மயோகுளோபினிலும் ஆக்சிஜன் கையிருப்பு உண்டு. அது குறையக் குறையத்தான் உழைக்கும் தசையில் லாக்டேட் கூடும். மூளையால் அப்படிச் சமாளிக்க முடியாது. பிள்ளைகள் தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போட்டி போட்டால் தயவுசெய்து தடுங்கள்.

கரைவலை இழுத்த மறுநாள் தோள் வலித்தால் லாக்டேட்டின்மேல் பழி போடுவதும் வேண்டாம். ஓய்வெடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயம் அதை எரிபொருளாக எரிக்கிறது, கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்குகிறது. மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.