நோட்ஸ் எழுத கம்மி விலையில பேனா வேணுமா, மொதல்ல உங்க டேப் எதுன்னு பாருங்க

கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில வீட்டுத் திண்ணையில சாயங்காலம் டியூஷன் எடுக்கறேங்க. தமிழ் மீடியம் பத்தாம் க்ளாஸ் பசங்க வருவாங்க, கவர்மெண்ட் வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்கற பொண்ணுங்க நாலஞ்சு பேரு வருவாங்க, இப்பெல்லாம் பாதிப்பேர் கையில டேப், அதாவது டேப்லெட், இருக்கு. ஜூன்ல காலேஜ் தொறந்ததும் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், அக்கா ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்ல பேனா எது, டேப்ல நோட்ஸ் எழுதணும்னு. நான் திருப்பிக் கேக்கறதும் ஒண்ணுதான், உன் டேப் எது கண்ணு? ஏன்னா டேப் எதுன்னு தெரியாம பேனாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல முடியாது, இது தெரியாமத்தான் நம்மாளுங்க காசை விடறாங்க.

எங்க அக்கா பொண்ணு சித்தூர் காலேஜ்ல படிக்கறா. போன வருஷம் அவளுக்கு 11 இன்ச் டேப் ஒண்ணு எடுத்தோம், கூடவே பாலக்காடு டவுன்ல ஒரு கடையில பேனா கேட்டோம். கடைக்காரப் பையன் "சேச்சி, இது எல்லா டேப்லயும் ஒர்க் ஆவும், ஐபேட், ஆண்ட்ராய்டு, போன் எல்லாத்துலயும்"னு சொல்லி ஒரு சார்ஜ் போடற பேனாவை 950 ரூபாய்க்குக் குடுத்தான். மெல்லிசு முனை, மேல லைட் எரியுது, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து எழுதினா உள்ளங்கை கண்ணாடியில பட்ட ஒடனே பக்கம் நகருது, கோடு எங்கியோ போய் விழுது, கையைத் தூக்கிப் புடிச்சுட்டே ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள புள்ளைக்குத் தோள்பட்டை வலியே வந்துருச்சு. அவ அழுத அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அதனாலதான் இதை இவ்வளவு விவரமா எழுதறேன்.

அந்தப் பையன் பொய் சொல்லலீங்க, அந்தப் பேனா நெசமாவே எல்லாத்துலயும் வேலை செய்யும். எப்படி செய்யுதுன்னா உங்க விரல் மாதிரி நடிச்சு. டேப்போட கண்ணாடி நம்ம விரல்ல இருக்கற மின்சாரத் தன்மையைத்தான் உணருது, அந்தப் பேனா முனையில இருந்து சின்னதா ஒரு சிக்னல் குடுத்து, இங்க ஒரு விரல் இருக்குன்னு டேப்பை நம்ப வெக்குது. டேப்புக்குப் பேனாவும் விரல்தான், உங்க உள்ளங்கையும் விரல்தான், எது எழுதறதுக்கு எது சும்மா வெச்சதுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அழுத்தி எழுதினா கோடு தடிக்கறதெல்லாம் இதுல கெடையவே கெடையாது.

அதனால வெளம்பரத்துல "எல்லா டேப்லெட், எல்லா போனுக்கும்"னு போட்டிருந்தா நோட்ஸ் எழுத அது ஆகாதுன்னு வெச்சுக்குங்க. "இந்த இந்த மாடலுக்கு மட்டும்"னு பட்டியல் போட்டு வித்தாத்தான் உள்ளங்கையை வெச்சு எழுதற பேனாவா இருக்க வாய்ப்பு அதிகம். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா பத்துப் பதினஞ்சு பேனா தொட்டுப் பாத்த எனக்கு இது தப்புனதில்ல. ஒரு பேனாலயே விரல் மாதிரி நடிக்கறது, உள்ளங்கை வெச்சு எழுதறதுன்னு ரெண்டு மோடும் வெச்சு ஸ்விட்ச் போட்டு மாத்தறதும் வருது, அதுலயும் உங்க மாடல் பேரு பட்டியல்ல இருக்கான்னுதான் பாக்கணும்.

இப்ப டேப் வாரியா சொல்றேன்.

ஐபேட் வெச்சிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்னே சொல்லுவேன். ஆப்பிள் பென்சில் விலை நமக்குக் கட்டாது, 2023ல வந்த யூஎஸ்பி சி பென்சிலே 7,900 ரூபான்னு இறக்கினாங்க, அதுலயும் அழுத்தம் உணர்ற வசதி இல்ல. ஆனா 2018லயும் அதுக்கப்பறமும் வந்த ஐபேட்களுக்கு வேற கம்பெனிக்காரங்க பண்ற பேனாக்கள் ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து கெடைக்குது, அதுல உள்ளங்கை வெச்சு எழுதலாம், பேனாவைச் சாய்ச்சா பென்சில் மாதிரி தடியா தீட்டறதும் பலதுல வரும். அழுத்தம் மட்டும் வராது. படம் வரையறவங்களுக்கு அது பெரிய கொறை, நோட்ஸ் எழுதறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நம்ம பால்பாயிண்ட் பேனாவும் எப்படி அழுத்தினாலும் ஒரே தடிமன்தானே. செகண்ட் ஹேண்ட்ல ஐபேட் வாங்கறவங்க மட்டும் கவனமா இருங்க, 2017ல வந்த அஞ்சாம் தலைமுறை ஐபேட்ல ஆப்பிள் பென்சிலும் வேலை செய்யாது, இந்தப் பேனாக்களும் செய்யாது, 2018ல வந்த ஆறாம் தலைமுறையில இருந்துதான் சாதா ஐபேட்ல இந்த வசதியே வந்துச்சு. செட்டிங்ஸ்ல ஜெனரல், அபௌட்னு போனா மாடல் பேரு இருக்கும், அதைப் பாத்துட்டுப் பணம் குடுங்க.

சாம்சங்ல ரெண்டு ஜாதி இருக்கு, இங்கதான் நெறைய பேர் ஏமாறறாங்க. டேப் எஸ்6 லைட், டேப் எஸ்9 எஃப்இ மாதிரி எஸ் வரிசையில பெரும்பாலானதுக்கு டப்பாவுலயே எஸ் பென் வந்துரும், வேற எதுவும் வாங்கவே வேண்டாம். டேப் ஏ8, ஏ9, ஏ9 பிளஸ் மாதிரி ஏ வரிசையில எஸ் பென் வேலையே செய்யாது, ஏன்னா எஸ் பென்னுக்குக் கண்ணாடிக்குப் பின்னாடி தனியா ஒரு அடுக்கு இருக்கணும், அந்த அடுக்கு காந்தப்புலம் ஒண்ணை உண்டாக்கும், பேனாக்குள்ள இருக்கற சின்ன காயில் அதுல இருந்தே சக்தி எடுத்துக்கும். எழுதறதுக்கு பேட்டரி வேண்டாங்கறது அதனாலதான், சார்ஜ் போட மறந்துட்டேன்ங்கற பேச்சே இல்ல. இதுக்கு ஈஎம்ஆர்னு பேரு, வாக்கம்ங்கற ஜப்பான் கம்பெனியோட முறை. எஸ் பென்னைத் தொலைச்சுட்டீங்கன்னா இதே முறையில வேலை செய்யற வேற கம்பெனிப் பேனாக்கள் இருக்கு, ஸ்டெட்லர் நோரிஸ் டிஜிட்டல் அதுல ஒண்ணு, அப்படியே பென்சில் மாதிரி இருக்கும். வாங்கறப்ப மடக்கற போனுக்கான ஃபோல்டு எஸ் பென்னை மட்டும் எடுத்துராதீங்க, அது வேற அலைவரிசை, டேப்புக்கு ஆகாது. இன்னொண்ணு, கவரைப் பின்னாடி மடக்கி வெச்சு எழுதறப்ப ஏதாவது ஒரு எடத்துல மட்டும் கோடு வளைஞ்சு போச்சுன்னா பேனா மேல பழி போடாதீங்க, கவருக்குள்ள இருக்கற காந்தமா இருக்கலாம், கவரைக் கழட்டிட்டு ஒருக்கா எழுதிப் பாருங்க.

மத்த கம்பெனிக்கெல்லாம் அவங்கவங்க பேனாதான். ஷாவ்மி பேட் 6க்கு ஷாவ்மி ஸ்மார்ட் பென், ஒன்பிளஸ் பேடுக்கு ஒன்பிளஸ் ஸ்டைலோ, லெனோவோ பி11க்கு ப்ரிசிஷன் பென் 2, ஒண்ணோடது இன்னொண்ணுல வேலை செய்யும்னு நம்பி வாங்காதீங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு முறை வெக்கலாம்னு 2015ல யூஎஸ்ஐன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அது குரோம்புக் லேப்டாப்லதான் அதிகமா வருது, நம்ம பக்கம் பசங்க வாங்கற டேப்ல அதைத் தேடி அலைய வேண்டாம். ரெட்மி பேட் எஸ்இ, 2023ல வந்த ஒன்பிளஸ் பேட் கோ இதெல்லாம் விலைக்கு நல்ல டேப்தான், வீடியோ பாக்க அருமையா இருக்கும், ஆனா எழுதற பேனா வசதி இல்ல. புதுசா டேப் எடுக்கப் போறவங்க நோட்ஸ் எழுதறதுதான் முக்கியம்னா அதைக் கணக்குல வெச்சு எடுங்க, டேப்ல ரெண்டாயிரம் மிச்சம் புடிச்சு அப்பறம் பேனா பேனான்னு காசு போட்டா கையில ஒண்ணும் நிக்காது.

சரி, பேனா வசதி இல்லாத டேப் ஏற்கெனவே வாங்கியாச்சு, இனி என்ன பண்றது? 300 ரூபாய்க்கு மேல ஒரு பேனாவுக்கும் குடுக்காதீங்க, என் கருத்து இதுதான். ரப்பர் முனை வேண்டாம், நம்மூர் பங்குனி சித்திரை வெயில்ல கை வேர்த்து கண்ணாடி பிசுபிசுன்னு ஆயிரும், ரப்பர் இழுக்கவே இழுக்காது. முனை ஏன் அவ்வளவு மொத்தமா இருக்குன்னு கேட்டா, சார்ஜ் இல்லாத பேனா விரல் அளவுக்குக் கிட்டத்தட்ட எடம் தொட்டாத்தான் கண்ணாடிக்கே தெரியும். அதனால முனையில கண்ணாடி மாதிரி தெரியற வட்டத் தட்டு வெச்ச பேனா எடுங்க, தட்டு வழியா எங்க எழுதறோம்னு பாத்துக்கலாம். ஆடிக் காத்துல நம்ம பக்கம் புழுதி வீட்டுக்குள்ளயே வந்து படியும், தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மண் சிக்குனா கீறல் விழும், எழுதறதுக்கு முன்னாடி ரெண்டையும் தொடைச்சுருங்க. கைக்கு, உள்ளங்கைப் பக்கம் தடிமனா தெச்ச ரெண்டு விரல் கிளவுஸ் கெடைக்குது, மெல்லிசா இருக்கறது கையை மறைக்காது, தடியானதா பாத்து எடுக்கணும். கைக்குட்டைய நாலா மடிச்சு வெச்சும் எழுதலாம், நான் ஒரு வருஷம் அப்படித்தான் எழுதினேன். இந்த மாதிரி பேனாவை பிடிஎஃப்ல அடிக்கோடு போட, வட்டம் போட, ஓரத்துல ரெண்டு வார்த்தை எழுத வெச்சுக்குங்க. பக்கம் பக்கமா எழுதறதுக்கு நோட்டுப் புஸ்தகமே மேல், எழுதி முடிச்சதும் போன்ல ஸ்கேன் பண்ணி டேப்ல ஏத்திக்கலாம், அக்கா பொண்ணு இப்ப அப்படித்தான் படிக்கறா, இந்தத் தடவை மார்க்கும் நல்லா வந்திருக்கு.

கடையில பேனாவை எழுதிப் பாக்க விட்டாங்கன்னா வெறுமனே கையெழுத்துப் போட்டுப் பாத்துட்டு வந்துராதீங்க. ஸ்கேல் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி மேல குறுக்கு மூலையா வெச்சு மெதுவா, ரொம்ப மெதுவா கோடு இழுங்க. நல்ல பேனான்னா கோடு நேரா வரும், மட்டமான பேனான்னா பாம்பு மாதிரி நெளியும், வேகமா இழுத்தா இந்தக் குத்தம் தெரியாது.

அதுக்கப்பறம் "மண்ணெண்ணெய்"னு எழுதிப் பாருங்க. இதுல மூணுசுழி ண நாலு தடவை வருது, புள்ளி மூணு வருது. நம்ம தமிழுக்குப் பேனா ஆகுமா ஆகாதான்னு இந்த ஒரு வார்த்தையிலயே தெரிஞ்சுரும். இங்கிலீஷ்ல ஐ மேலயும் ஜே மேலயும்தான் புள்ளி, நமக்கு வரிக்கு வரி புள்ளி, மட்டமான பேனால டக்னு ஒரு தட்டு தட்டினா புள்ளி விழாது, இல்லைன்னா புள்ளி வால் மொளைச்ச மாதிரி கோடா விழும். புள்ளி போச்சுன்னா "கண்ணன்" எழுதினது "கணணன"ன்னு நிக்கும், பரீட்சைக்கு முந்தின நாள் அதைப் படிச்சுப் பாருங்க எவ்வளவு கடுப்பா இருக்கும்னு. ண சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி னவா தெரிஞ்சாலும் அந்தப் பேனா வேண்டாம். மலையாளமும் எழுதற நம்ம பசங்க அதுலயும் ஒரு வரி எழுதிப் பாருங்க, அது பூரா வட்டம் வட்டமா வர்ற எழுத்து, பேனா பின்தங்கினா வட்டம் மூலை மூலையா ஒடைஞ்சு தெரியும். கடைசியா உள்ளங்கையை நல்லா அழுத்தி வெச்சுட்டு பக்கத்தோட அடி வரி வரைக்கும் எழுதுங்க, மேல எழுதறப்ப வராத தொல்லை அடியிலதான் வரும்.

ஆன்லைன்ல வாங்கறவங்க, பார்சல் வந்த அன்னைக்கே இதெல்லாம் பண்ணிருங்க, ரிட்டர்ன் நாள் தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாது. கோயமுத்தூர்ல வாங்கறவங்க டேப்பைக் கையோட கொண்டு போங்க, வேலந்தாவளம் வழியா உக்கடம் போயிட்டு வர்றதுக்கே அரை நாள் ஆவுது, மாத்தறதுக்கு இன்னொருக்கா அலைய முடியாது.

ஆப்பும் முக்கியங்க. பேனா நல்லதா இருந்தும் கை பட்டு கோடு விழுதுன்னா ஆப் செட்டிங்ஸ்ல பேனாவுல மட்டும் எழுதற மாதிரி ஒரு வசதி இருக்கான்னு தேடிப் பாருங்க, பல ஆப்ல இருக்கும், அதை ஆன் பண்ணினா விரல் பக்கம் நகத்த மட்டும்தான். ஆண்ட்ராய்டுல ஜிபோர்டு கீபோர்டுல தமிழ் கையெழுத்து முறையை எடுத்து வெச்சுக்குங்க, பேனால எழுதினா டைப் பண்ணின எழுத்தா மாறிரும், இது 200 ரூபா தட்டுப் பேனாவுலயும் நல்லா வருது.

சார்ஜ் போடற பேனா வாங்கினவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் சி முனை இருக்கற கேபிள்ல சார்ஜ் ஏறலைன்னா பேனா கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்பிராதீங்க, கம்மி விலைப் பேனாக்கள் நெறைய அந்தக் கேபிளை ஏத்துக்காது, பழைய சார்ஜர்ல மாட்டற அகல முனைக் கேபிள்ல போட்டுப் பாருங்க. லீவு விட்டா ரெண்டு மாசம் பையிலயே போட்டு வெக்காதீங்க, சுத்தமா காலியாகி அப்படியே கெடந்தா பேட்டரி செத்துரும், மாசம் ஒருக்கா சார்ஜ் ஏத்தி வெய்யுங்க. பேப்பர் மாதிரி சொரசொரன்னு இருக்கற ஸ்க்ரீன் ஷீட் ஒட்டினா எழுத்து நல்லா நிக்கும், வேர்த்த கையும் வழுக்காது, ஆனா முனை சீக்கிரம் தேயும், அதனால உதிரி முனை ரெண்டு மூணு டப்பாவோட வர்ற பேனாவா பாத்து எடுங்க. முனை தேஞ்சு உள்ள இருக்கற உலோகம் தெரிஞ்சா அன்னைக்கே மாத்திருங்க, அதோட எழுதினா கண்ணாடியில கீறல் விழும், பேனா விலையை விட கண்ணாடி மாத்தற செலவு பல மடங்கு.