கீமோவுக்குப் பின் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசுவது எப்படி?

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு அடுத்த சுற்று வரை எழும் சந்தேகங்கள் எல்லாவற்றுக்கும் பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் வீடியோ அழைப்பிலோ தொலைபேசியிலோ ஆலோசனை வழங்கலாம். முதலில் உங்கள் மருத்துவமனையில் இவ்வசதி உண்டா, இரவில் அழைக்க வேண்டிய எண் எது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி பொதுவான உபாதைகளுக்கு உதவும். கீமோ தொடர்பான கேள்விகளை, சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேட்பது நல்லது.

அழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால், அதன் பயன் பெரும்பாலும் உங்கள் குறிப்பேட்டைப் பொறுத்தது. கீமோ ஏற்றிய தேதி, அன்றாட உடல் வெப்பம், எடை, எத்தனை முறை வாந்தி அல்லது பேதி ஆனது, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்பவற்றை நேரத்தோடு எழுதுங்கள். “சரியாகச் சாப்பிடுவதில்லை” என்பதிலிருந்து மருத்துவரால் எதையும் கணிக்க முடியாது; “வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவர் மூன்று நாளாக அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார், நேற்று காலை முதல் இருமுறைதான் சிறுநீர் கழித்தார்” என்றால், உடலில் நீர் வற்றுகிறதோ என்று அவர் உடனே யோசிப்பார். ரத்தப் பரிசோதனை அறிக்கையையும், மருந்து அட்டைகளையும் வெளிச்சத்தில் படம் பிடித்து முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

நோயாளியின் முகத்தில் வெளிச்சம் விழுமாறு, ஜன்னலுக்கு எதிரே அவரை அமர்த்துங்கள். வாய்ப்புண், ஊசிக்குழாய் செருகிய இடத்தின் சிவப்பு, கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் வரும் தோல் உரிதல் ஆகியவற்றைக் கேமராவுக்கு அருகில் காட்டுங்கள். நம் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு: மருத்துவரைக் கண்டதும் பெரியவர்கள் “பரவாயில்லைங்க டாக்டர்” என்றுவிடுவார்கள். அப்போது குறிப்பேட்டைப் பார்த்து நீங்கள் எடுத்துச் சொல்வதில் தவறில்லை. ஆனால் முதலில் அவரைப் பேச விடுங்கள்.

காய்ச்சலை மட்டும் அடுத்த அழைப்புக்கென்று ஒத்திப்போடக் கூடாது. கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும் என்பதால், 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினாலே, நள்ளிரவானாலும், மருத்துவமனையை அழைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வெப்பம் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, தொற்று மட்டும் உள்ளே வளரும். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக்கசிவு, மனக்குழப்பம் ஆகியவற்றுக்கு வீடியோவில் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

அழைப்பு முடியும் முன், மருத்துவர் சொன்ன மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, மருந்துச்சீட்டைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மார்பின் போன்ற வலிநிவாரணிகளை இவ்வழியில் எழுதித்தர தொலைமருத்துவ நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மட்டுமே மிச்சம் என்றால், அடுத்த சீட்டு வாங்க நேரில் செல்லும் நாளை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.