பாண்டிச்சேரிய நடந்தே பாக்குறது எப்படி: ரெண்டு நாளைக்கு ஒரு வழி

பாண்டி வர்றோம், என்ன பாக்கலாம்னு மாசத்துக்கு நாலு பேராவது என்கிட்ட கேக்குறாங்க. முத்தியால்பேட்டைல பொறந்து வளந்தவன் நான், அதனால சொல்லாம இருக்க முடியல. வர்றவங்க பாதி பேரு மஞ்ச சுவத்து முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, ராக் பீச்ல ஒரு ஐஸ்கிரீம் சாப்ட்டு, ஆரோவில் போயி மாத்ரிமந்திர்ங்கற அந்த உருண்டைய தூரத்துலருந்து பாத்துட்டு கெளம்பிடுறாங்க. அது பாண்டில பாதி கூட இல்ல. இந்த ஊர்ல பெரிய வாய்க்கால்னு ஒண்ணு ஊருக்கு நடுவுல வடக்கு தெக்கா ஓடுது, அதுக்கு கெழக்க இருக்குறத மட்டும் பாத்துட்டுப் போறவங்க ஒரு வீட்டோட மாடிய மட்டும் பாத்துட்டுப் போற மாதிரி. வாய்க்கால ரெண்டு மூணு தடவயாவது தாண்டணும், அதுக்குத்தான் இந்த வழி.

மொதல்ல எப்ப வரணும்னு சொல்லிடுறேன். ஜனவரி, பிப்ரவரி நல்லது. நவம்பர்ல அடிக்கிற மழைல வீதில நடக்க முடியாது, மே மாசம் வெயில்ல மனுசன் வெந்து போயிடுவான். சனி ஞாயிறு தவிர்க்க முடிஞ்சா தவிருங்க, ரூம் வாடகையும் கூட்டமும் அன்னைக்குத்தான் ஏறுது. கார்ல வந்தா வண்டிய ரூம்லயே விட்டுடுங்க, ஒயிட் டவுன் (வாய்க்காலுக்கு கெழக்க இருக்குற பிரெஞ்சு பகுதி) வீதிங்க குறுகலு, பார்க்கிங் தேடியே பொழுது போயிடும். தொப்பி, தண்ணி பாட்டில், தேஞ்சு போகாத செருப்பு, இது போதும்.

மொத நாள் காலைல அஞ்சே முக்காலுக்கெல்லாம் பீச் ரோட்டுல இருங்க. சாயங்காலம் ஆறு மணிலேருந்து காலைல ஏழரை வரைக்கும் அங்க வண்டி விட மாட்டாங்க, அதனால ரோடே நமக்குத்தான். கெழக்க பாத்த கடல், சூரியன் நேரா மூஞ்சிக்கு முன்னாடி வரும். காந்தி சிலையச் சுத்தி நிக்கிற கருங்கல் தூணுங்கள கிட்டப் போயி பாருங்க, செதுக்கு வேலை இருக்கும், அது செஞ்சிலேருந்து கொண்டு வந்தது. எதுத்தாப்புல பழைய லைட் ஹவுஸ், 1836ல கட்டுனது. கொஞ்சம் தள்ளி பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம், 1938ல வச்சது, மொத உலகப் போர்ல செத்துப் போன நம்ம ஊர் ஆளுங்களுக்காக. ஜூலை 14 அன்னைக்கு வந்தீங்கன்னா அத வெளக்கு போட்டு அலங்கரிச்சிருப்பாங்க, சொல்தா வீட்டு பெரியவங்க மெடல் குத்திக்கிட்டு வருவாங்க. சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். 1962 ஆகஸ்ட் 16 அன்னைக்கு ஊரு சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப, பிரெஞ்சு குடியுரிமை வேணும்ங்கறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னு இருந்துச்சு, அப்ப எழுதிக் குடுத்தவங்களோட பேரப் பிள்ளைங்க இன்னைக்கும் இங்க இருந்துக்கிட்டே பிரான்ஸ் தேர்தல்ல ஓட்டுப் போடுறாங்க.

இப்ப கீழ கல்லப் பாருங்க. ராக் பீச்னு பேரு வந்ததால இங்க எப்பவுமே கல்லுதான்னு நெனச்சுடாதீங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப இங்க மணல்தான், அப்பா தோள்ல உக்காந்து வந்து எறக்கி விட்டா அலை வரைக்கும் ஓடணும், காலு சுடும். 1980கள் கடைசில தெக்க அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற எடத்துல துறைமுகம் கட்டி ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள கல் சுவர் நீட்டுனாங்க. நம்ம கரைல வருசத்துல பெரும்பாலான மாசம் மணல் தெக்கேருந்து வடக்க நகரும். சுவர் குறுக்க வந்ததும் மணல் தெக்கயே தங்கிடுச்சு, வடக்க வர்ற வரத்து நின்னுது, இருந்த மணல அலை அரிச்சுக்கிட்டே போச்சு. ரோடு போயிடக் கூடாதேன்னு கல்லக் கொட்டுனாங்க, அரிப்பு அதுக்கும் வடக்க வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் தமிழ்நாட்டு எல்லைக்குள்ள தந்திராயன்குப்பம்னு நகந்து மீன் புடிக்கிறவங்க வீட்டயெல்லாம் தின்னுச்சு. தலைமைச் செயலகத்துக்கு எதுர கொஞ்சம் மணல் தெரியுது இல்ல, அது கடலுக்கடியில ஒரு செயற்கைத் திட்டு போட்டதுக்கப்புறம் திரும்பி வந்தது. அந்த மணல்ல நின்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. உங்க பிள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போயி இத சொல்லிக் குடுங்க. இன்னொண்ணு, அந்தக் கல்லு மேல ஏறி எறங்கி கடல்ல குளிக்காதீங்க, பாசி வழுக்கும், இழுப்பும் ஜாஸ்தி.

ஏழு மணிக்கு ஒயிட் டவுன் உள்ள திரும்பலாம். மூலைக்கு மூலை நீல எனாமல் தகடு இருக்கும், மேல பிரெஞ்சுல ரூன்னு ஆரம்பிக்கும், கீழ தமிழ்ல வீதின்னு இருக்கும். நம்ம ஊர்ல தெருன்னு சொல்றது கம்மி, எல்லாமே வீதிதான். துமா வீதில கப்ஸ் கோவில்னு ஒரு சர்ச் இருக்கு, கப்புசின் சாமியாருங்க கோவில்ங்கறது மருவி அப்படி ஆச்சு, இப்ப இருக்குற கட்டடம் 1855ல முடிஞ்சது. வீதி எல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குறத கவனிச்சீங்களா, அதுக்கு பிரெஞ்சுக்காரங்கள மட்டும் பாராட்டக் கூடாது. பிரெஞ்சு கம்பெனி ஆளு பிரான்சுவா மர்த்தேன் 1674 வாக்குல இங்க கால் ஊனுனாரு, 1693ல டச்சுக்காரங்க புடிச்சு 1699 வரைக்கும் வச்சிருந்தாங்க, இந்த கட்டம் போட்ட திட்டம் அவங்க வரைஞ்சது. 1761ல இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டு புடிச்சு ஊரையே இடிச்சுத் தள்ளிட்டாங்க. கோட்டை இருந்த எடம்தான் இப்ப பாரதி பார்க். அதனால நீங்க பாக்குற வீடுங்க பெரும்பாலும் 1765க்கு அப்புறம் எழும்புனது, ஆனா நடக்குற வீதி அதுக்கு முந்தினது.

பார்க்குக்கு நடுவுல வெள்ளையா நிக்கிற ஆயி மண்டபத்த பாக்காம வராதீங்க. ஆயிங்கற தாசியோட வீட்ல வெளக்கு ஜொலிக்கிறத பாத்து கோவில்னு நெனச்சு ராசா கும்புட்டுட்டாராம், வெசயம் தெரிஞ்சு கோவத்துல இடிக்கச் சொன்னாராம், அந்தம்மா தானே வீட்ட இடிச்சுட்டு அந்த எடத்துல குளம் வெட்டிட்டாங்கன்னு கதை. அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்துலேருந்து ஊருக்குத் தண்ணி வந்தத வச்சு பிரெஞ்சுப் பேரரசர் மூணாம் நெப்போலியன் காலத்துல இத கட்டுனாங்க. பெரிய பெரிய கவர்னருங்க பேர்ல வீதி வச்ச ஊர்ல ஒரு தாசி பேர்ல மண்டபம் நிக்கிறது எனக்கு ரொம்பப் பெருமை. பக்கத்துல செயின்ட் லூயி வீதில மியூசியம், திங்கக்கெழம லீவு. அங்க அரிக்கமேட்டுல எடுத்த பானை ஓடும் பாசிமணியும் இருக்கு, நல்லா பாத்து வச்சுக்கங்க, நாளைக்கு வேணும்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாய்க்கால தாண்டுங்க. இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாதீங்க. வைசியாள் வீதிக்குப் போங்க. வாய்க்காலுக்கு கெழக்க நீங்க பாத்த வீடு எப்படி இருந்துச்சு? ரோட்ட ஒட்டி ஒசந்த மதில், பெரிய கேட்டு, மரமும் தோட்டமும் எல்லாம் உள்ள. இங்க தலைகீழ். மொதல்ல ரோட்டுப் பக்கம் மரத்தூண் வச்சு ஓடு சரிச்ச தாழ்வாரம், அது போற வர்றவங்க வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. அப்புறம் திண்ணை, அது தெரிஞ்சவங்க உக்காந்து பேச. அப்புறம்தான் கதவு, அதத் தாண்டி முற்றம். ஒரு வீட்டுத் திண்ணைல ரெண்டு நிமிசம் உக்காருங்க (வீட்டுக்காரங்க இருந்தா கேட்டுக்கங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க). கைய தரைல வச்சுப் பாருங்க, நாலு தலைமுறை உக்காந்து உக்காந்து வழவழன்னு ஆகி வெயில்லயும் சில்லுனு இருக்கும். அப்படியே அண்ணாந்து எதுத்த வீட்டு மாடியப் பாருங்க, வளைஞ்ச சன்னலு, சுண்ணாம்பு பூவேலை, பிரெஞ்சு பாணி. கீழ தமிழ், மேல பிரெஞ்சு, ஒரே வீடு. இந்த ஊரோட குணம் என்னன்னு கேட்டா நான் இந்த வீட்டத்தான் காட்டுவேன்.

ஆனா எல்லாம் இப்படி இணக்கமா நடந்துச்சுன்னு நெனச்சுடக் கூடாது. மிஷன் வீதில சம்பா கோவில்ங்கற சர்ச் இருக்கே, செயின்ட் பால்ங்கறதுதான் சம்பா ஆச்சு, அதுக்குப் பக்கத்துல வேதபுரீஸ்வரர் கோவில் இருந்துச்சு. 1748ல துய்ப்ளெக்ஸ் கவர்னரா இருந்தப்ப அத இடிச்சாங்க. அவருக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை மனசு வெந்து அத தன்னோட நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு. 1736லேருந்து 1761ல சாகுற வரைக்கும் எழுதுனவரு. சம்பா கோவில் வாசல்ல நின்னுட்டு அப்படியே ஈஸ்வரன் கோவில் வீதிக்கு நடந்து போயி, திரும்பக் கட்டுன வேதபுரீஸ்வரரையும் கும்புட்டு வாங்க. ரெண்டும் சேந்தாதான் கதை முழுசாகும்.

அங்கேருந்து பாரதியார் வீடு பக்கம்தான், ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதி. இங்கிலீஷ் போலீசுக்குத் தப்பி 1908ல வந்து பத்து வருசம் இங்க இருந்தாரு. 1910ல அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேந்தாங்க. வெள்ளக்காரன் ஆட்சில தேடப்பட்டவங்களுக்கு இன்னொரு வெள்ளக்காரன் ஊரு அடைக்கலம். பெருமாள் கோவில் வீதில பாரதிதாசன் வீடு, அதையும் விடாதீங்க.

எந்த டூர் ஆளும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். இது மில்லு ஊரு. சுற்றுலா வர்றதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு சோறு போட்டது பஞ்சாலைதான், என் தாத்தா மில்லுல நூல் பிரிவுல இருந்தவரு, சங்கு சத்தத்துக்குத்தான் எங்க வீட்ல ஒலை வைப்பாங்களாம். 1936 ஜூலை 30 அன்னைக்கு ஸ்ட்ரைக் பண்ணுன தொழிலாளிங்க மேல பிரெஞ்சு சிப்பாய்ங்க சுட்டதுல 12 பேரு செத்தாங்க. அடுத்த வருசம் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. வ. சுப்பையா தலைமைல நடந்த போராட்டம், அவரு பேர்ல இருக்குற சாலைல ஸ்டேஷனுக்குப் போறப்ப இது ஞாபகம் வரட்டும். ரோடியர் மில்லும் 2020ல மூடிட்டாங்க, கடலூர் ரோட்டுல போனா பூட்டுன கேட்டு தெரியும். 1954 அக்டோபர் 18ல கீழூர்ல 178 பிரதிநிதிங்க ஓட்டுப் போட்டு 170 பேரு இந்தியாவோட சேரணும்னு சொன்னதுக்குப் பின்னாடி இந்த மில்லு ஆளுங்க ரத்தமும் இருக்கு.

சாப்பாடு பத்தி நீட்டல. காலைல பெரிய மார்க்கெட்ல மீன் பக்கம் ஒரு சுத்து சுத்துங்க, ஞாயித்துக்கெழமன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட். குடிக்கிறதுக்குன்னே வர்றவங்களுக்கு இங்க எழுத என்கிட்ட ஒண்ணும் இல்ல.

ரெண்டாம் நாள் காலைல அரியாங்குப்பம் பஸ் ஏறி எறங்கி அரிக்கமேடு போங்க. ஊர்லேருந்து தெக்க நாலு கிலோமீட்டர்தான். பெருசா ஒண்ணும் இருக்காது, முன்னாடியே சொல்லிடுறேன், ஒரு மாந்தோப்பு, ஒரு இடிஞ்ச சுவரு, அந்தப் பக்கம் ஆறு. 1945ல தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டுனப்ப ரோமாபுரி ஜாடி ஓடெல்லாம் கெடச்சு, ரெண்டாயிரம் வருசம் முன்னாடி இங்கேருந்து கப்பல் வியாபாரம் நடந்துச்சுன்னு உறுதியாச்சு. கிரேக்க மாலுமிக் குறிப்புல பொதுகேன்னு ஒரு துறைமுகம் வருது, அது இதுதான்னு ஆராய்ச்சிக்காரங்க பல பேரு சொல்றாங்க. ஆத்தங்கரைல உக்காந்து, நேத்து மியூசியத்துல பாத்த பாசிமணிய நெனச்சுக்கங்க, அத இங்கயே ஓட்டை போட்டு கோத்தாங்க. மழைக்கு அப்புறம் போனா மண்ணுல சிவப்பா, நீலமா கடுகளவு பாசி ஒண்ணு ரெண்டு கண்ணுல படும். குனிஞ்சு பாருங்க, எடுக்காதீங்க, கெடந்த எடத்துலயே கெடக்கட்டும்.