வைர முதுகு அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

முட்டைக்கோஸ் இலையில் ஓட்டையைக் கண்டவுடன் மருந்து தெளிக்கக் கிளம்பிவிடாதீர்கள். தின்றது எது என்று முதலில் பாருங்கள். வைர முதுகு அந்துப்பூச்சி (புளூடெல்லா சைலோஸ்டெல்லா) மருந்துகளைத் தாங்கப் பழகிக்கொள்வதில் பேர் போனது. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தாங்கி நின்றது. தேவையின்றித் தெளிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கே சாதகம்.

கையில் ஒரு லென்ஸ், ஒரு ஸ்கேல் போதும்.

படி 1: பொழுது சாயும் நேரத்தில் செடியை லேசாகத் தட்டுங்கள். சாம்பல் பழுப்பு நிறத்தில் சிறு பூச்சிகள் எழும்பிப் பறந்து, பக்கத்திலேயே உட்காரும்.

படி 2: உட்கார்ந்த பூச்சியை மேலிருந்து பாருங்கள். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறகை விரித்தால் சுமார் 15 மில்லிமீட்டர். மடித்த சிறகுகள் சேரும் இடத்தில், முதுகு நெடுக, வெளிர்நிறப் பட்டை ஓடும். அதன் நெளிந்த ஓரங்கள் மூன்று வைர வடிவங்களாகத் தெரியும். ஆணிடம் இது பளிச்சென்று இருக்கும், பெண்ணிடம் மங்கல். ஆகவே வைரம் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் பாருங்கள்: சிறகு நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும், உணர்கொம்புகள் நேராக முன்னால் நீண்டிருக்கும். நிறத்தைவிட இப்படி உட்காரும் விதத்தையே நான் நம்புவேன்.

படி 3: இலையைத் திருப்புங்கள். புழு அடிப்புறத்தைச் சுரண்டித் தின்பதால் மேல்தோல் மட்டும் மெல்லிய படலமாக மிஞ்சும். இளம்பச்சைப் புழு, இரு முனையும் கூம்பியிருக்கும். குச்சியால் தொட்டால் வெடுக்கென்று நெளிந்து பின்வாங்கும், அல்லது நூல்விட்டுத் தொங்கும். முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழு இப்படித் துள்ளாது. இலையடியில் வலைபோன்ற கூட்டுக்குள் கூட்டுப்புழு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 4: எங்கே தேடுவது? முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு எனக் கடுகுக் குடும்பப் பயிர் உள்ள இடமெல்லாம். நீலகிரி, கொடைக்கானல், ஓசூர், ஒட்டன்சத்திரம் தோட்டங்களில் காணலாம். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. கனடாவின் கடுங்குளிரை இது பெரும்பாலும் தாங்குவதில்லை. ஆண்டுதோறும் தெற்கிலிருந்து காற்றோடு மீண்டும் வந்து சேர்கிறது. 2000-இல் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்டு தீவுகள் வரை போயிருக்கிறது, இத்தனை சிறிய உடலோடு!

தோட்டத்தில் கடுகும் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். முட்டையிடக் கடுகை இது மிகவும் விரும்பும்; முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கவர்ச்சிப் பயிராகக் கடுகு விதைப்பது அதனால்தான்.