எசேக்கியாவின் சுரங்கத்துக்குள் போகும் முன்

மாணவர்களை எருசலேமுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போகிறீர்களா? தாவீதின் நகரம் என்னும் தொல்லியல் இடத்தில், யூதாவின் ராஜா எசேக்கியா தண்ணீர் கொண்டுவர வெட்டுவித்த சுரங்கத்தைத் தவறவிடாதீர்கள். கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை 533 மீட்டர், பாறையைக் குடைந்த வழி. இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தொடக்கத்தில் தொடை வரைகூட வரும், அப்புறம் குறைந்துவிடும். செருப்பு வழுக்கும், நனையக்கூடிய ஷூதான் சரி. உள்ளே விளக்கு கிடையாது, ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். மாற்று உடை ஒன்றும் பையில் இருக்கட்டும். சில இடங்களில் ஒருவர்தான் நுழைய முடியும். இடுக்கில் பயப்படும் பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள ஈரமில்லாத கானானியர் சுரங்கம் வழியே அனுப்புங்கள், வற்புறுத்த வேண்டாம்.

எசேக்கியா நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொல்லும் பைபிள் வசனமான 2 இராஜாக்கள் 20:20-ஐ முந்தின இரவே வாசிக்கச் சொல்லுங்கள். இரு முனையிலிருந்தும் வெட்டி வந்த ஆட்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் இங்கேதான் கிடைத்தது. அசல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் உளித் தடங்கள் திசை மாறும் இடம் தெரியும். அங்கே ஒரு நிமிடம் எல்லோரையும் நிறுத்துங்கள்.